பழைய வீட்டின் வாசலில்

நவம்பர் மாதம் இறந்தோரின் மாதம். 2-ஆம் நாளன்று கல்லறைத் தோட்டங்களில் களை பறித்து, சுண்ணாம்பு பூசி, மாலை சார்த்தி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றவர்களும் அன்று ஊர் திரும்புகின்றனர். கல்லறை மந்திரிப்பு முடிந்தபின் அவர்களுள் பலர் உடனே பேருந்து ஏறிவிடுவதில்லை. தாம் பிறந்து வளர்ந்த வீடு இருந்த தெருவுக்குச் சென்று, சற்று நேரம் நின்று பார்த்துவிட்டே போகின்றனர். அவ்வீடு இன்று வேறொருவருடையதாக இருக்கலாம். இடிந்து வெறும் மனையாகக் கிடக்கலாம். சாலை விரிவாக்கத்தில் அடையாளமே இல்லாமல் போயிருக்கலாம். ஆயினும் கால்கள் அத்தெருவையே நாடுகின்றன.

இது ஏன்? கல்லறையிலாவது அன்பரின் உடல் துயில் கொள்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது? இறந்தோர் ஆண்டவரின் கரத்தில் இருக்கின்றனர் என்று விசுவசிக்கும் நாம், செங்கல்லும் சுண்ணாம்புமான ஒரு சுவரின் முன் கண் கலங்குவது எதனால்? துறவிகள் விட்டொழிக்கச் சொல்லும் பற்று இதுதானா? அன்றி, பிள்ளைகள் பெற்றோருக்குச் செலுத்தவேண்டிய கடன்களுள் ஒன்றா? பங்கு மக்கள் பலர் இக்கேள்வியை நம்மிடம் கேட்டதுண்டு. நம் உள்ளத்திலும் அது எழுந்ததுண்டு. ஆகவே அதனைச் சற்று ஆற அமர ஆராய்ந்து பார்ப்பது நன்று.

கேள்வி பழையது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன், இத்தாலியிலுள்ள நோலா நகரின் ஆயர் புனித பவுலினார், ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராயிருந்த புனித அகுஸ்தினாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு தாய், இறந்துபோன தன் மகன் புனிதர் ஒருவரின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென விரும்பினார். அவ்விடத்தில் அடக்கம் செய்வதால் இறந்தவருக்குப் பயன் உண்டா என்பதே கேள்வி. இதற்கு அகுஸ்தினார் ஒரு சிறு நூலையே விடையாக எழுதினார். அவர் விடையின் சாரம் இதுதான்: இடம் தன்னளவில் இறந்தவருக்கு எதையும் சேர்ப்பதில்லை, அடக்கம் செய்யப்படாமல் எறியப்பட்ட மறைச்சாட்சிகள் அதனால் எதையும் இழந்துவிடவும் இல்லை. ஆனால் அந்தத் தாய் மகன் துயிலும் இடத்தை நினைக்கும்போதெல்லாம் அவள் அன்பு கிளர்ந்தெழும். கிளர்ந்த அன்பு மன்றாட்டாக மாறும். அந்த மன்றாட்டு மகனுக்கு உதவும்.

இவ்விடையில் ஒரு நுட்பம் உண்டு. மண்ணுக்கும் சுவருக்கும் அகுஸ்தினார் மந்திர சக்தி எதையும் ஏற்றிச் சொல்லவில்லை. அதேவேளையில் அவற்றை நோக்கி ஓடும் மனித உள்ளத்தை எள்ளி நகையாடவும் இல்லை. மனிதன் உடலோடு வாழ்பவன். அவன் நினைவுக்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. இடம் நினைவை எழுப்புகிறது. எழுந்த நினைவைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே அறநெறிக் கேள்வி.

அகுஸ்தினார் இதனைப் பிறருக்கு மட்டும் கூறியவர் அல்லர். அவருடைய தாயார் புனித மோனிக்கா, தம் கணவர் பத்ரீசியுவின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று சொந்த ஊரில் தமக்கென ஓர் இடத்தை முன்னரே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அதைப் பற்றி மிகுந்த கவலையும் கொண்டிருந்தார். ஆனால் 387-ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த வேளையில், ரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றார். தாய்நாட்டில் சாகாமல் அயல்நாட்டில் சாக நேர்கிறதே என்று மற்றொரு மகன் வருந்தியபோது, தம் உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று அந்த அன்னை கூறினார். கடல் கடந்து, கணவரின் கல்லறைக்கு நெடுந்தொலைவில், அவர் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாள் முழுவதும் பேணிய ஆசையை அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்.

இச்செய்தியை எண்ணியவாறே நாம் பிறந்த ஊரைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில் மேல்மருவத்தூரை அடுத்திருப்பது அச்சரப்பாக்கம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு முறிந்து நின்ற இடமாதலின் அச்சு இறு பாக்கம் என்று பெயர் பெற்றதாக அவ்வூர் ஆட்சீசுவரர் கோயில் தலபுராணம் கூறும். ஊரை அடுத்த மலைமீது மழைமலை மாதாவின் திருத்தலம் அமைந்துள்ளது. வானத்தையும் ஏரிகளையும் நம்பி நெல் விளைவிக்கும் மண்ணில் அன்னைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இல்லை.

அவ்வூரில் எம் பாட்டனார் கட்டியது ஒரு நாட்டு ஓட்டு வீடு. தெருப்பக்கம் திண்ணை, நடுவில் சிறு முற்றம், கொல்லையில் கிணறு. கூடத்துச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் மாதாவின் சுரூபம். அந்தி சாய்ந்ததும் தாயார் அங்கே விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்குவார். தந்தையார் திண்ணையிலிருந்தே பதில் செபம் சொல்வார். செபமாலை முடியும் முன் உறங்கிவிட்ட பிள்ளைக்கு அன்று சோறு கிடையாது என்பது சட்டம். அச்சட்டத்தை முதலில் மீறி, உறங்கிய பிள்ளையை எழுப்பி ஊட்டுகிறவரும் தாயாரே. பெற்றோர் இருவரும் காலமானபின், வெளியூர்களில் நிலைத்துவிட்ட உடன்பிறந்தார் அனைவரும் ஒருமனப்பட்டு அவ்வீட்டை விற்றனர். வருந்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை; ஆளில்லாத வீடு மழைக்குத் தாங்காது.

சில ஆண்டுகள் கழித்து, அப்பகுதியில் ஒரு திருமணத் திருப்பலிக்குச் சென்ற நாம் அத்தெரு வழியாக நடந்தோம். ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்திருந்தது. திண்ணை இல்லை. கிணற்றை மூடி ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தனர். தயங்கி நின்ற நம்மைக் கண்டு, அவ்வீட்டு அம்மையார் வெளியே வந்து விசாரித்தார். விவரம் சொன்னதும், "உள்ள வாங்க சாமி, இது உங்க வீடுதானே" என்றார். உள்ளே சென்றோம். கூடத்துச் சுவரில் அந்த மாடம் மட்டும் அப்படியே இருந்தது. அதில் அவர்கள் குலதெய்வத்தின் படமும், அதன் முன் ஓர் அகல்விளக்கும் இருந்தன. அந்த இடத்தை மூடிவிட மனம் வரவில்லை என்றும், விளக்கு வைத்துப் பழகிய இடம் என்று கரிப்படிந்த சுவரைப் பார்த்தே தெரிந்துகொண்டதாகவும் அந்த அம்மையார் கூறினார். காப்பி கொடுத்தார். விருந்தினராக அமர்ந்து அருந்திவிட்டு, அவர்களுக்கு ஆசி கூறி விடைபெற்றோம்.

அந்த அம்மையாரின் சொல்லை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சட்டப்படி அது உண்மையன்று. பத்திரம் அவர்கள் பெயரில் இருக்கிறது. வரி அவர்கள் கட்டுகிறார்கள். அங்கே பிறக்கும் பிள்ளைகள் அவர்களுடைய பிள்ளைகள். இருந்தும் அது உபசாரத்துக்காகச் சொன்ன வெறுஞ்சொல்லும் அன்று. நமக்கு உரிமையில்லாத ஒன்றை, ஒரு நாழிகைப் பொழுதுக்கு, அன்பினால் நமக்கு அளித்தார். அந்த வாசலில் நாம் பெற்றது கொடை. கொடையாகப் பெற்றதற்கு நன்றி சொல்லலாம். உரிமை கோர முடியாது. சற்று ஆழ்ந்து நோக்கினால், அவ்வீட்டில் நாம் குழந்தையாக இருந்தபோதும் நிலைமை இதுவேதான். அச்சுவர்களை எழுப்பியவர் நாம் அல்லர். அங்கே உண்ட ஒவ்வொரு கவளமும் வேறொருவர் உழைத்துத் தந்தது. பெற்றோர் வாழ்ந்த காலத்தில் இது நமக்குப் புலப்படுவதில்லை. பிறர் வீடாகிவிட்ட பழைய வீட்டில் விருந்தினராய் அமரும்போதுதான் புலப்படுகிறது.

ஆகவே, நாமே விட்டுவந்த வீட்டிற்குத் திரும்பிச் செல்வதன் நியாயம் நன்றி செலுத்துவதே என்று கூறலாம். நன்றி என்பது கண்ணீரோடு முடிந்துவிடுவதும் அன்று. நன்றி யாருக்கு உரியதோ அவர் இப்போது இல்லை. எனவே அது அவர் நேசித்தவர்களிடம் சென்று சேரவேண்டும். பங்குகளில் நாம் காண்பதோ வேறு. ஒரே தந்தையின் ஆண்டு நினைவுக்காக, அண்ணன் ஒரு நாளும் தம்பி மறுநாளும் தனித்தனியே திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கின்றனர். விசாரித்தால், அத்தந்தை கட்டிய வீட்டைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கு என்பார்கள். இருவருக்கும் தந்தைமேல் பாசம் உண்டு, பொய்யில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது இருவர் கண்களும் கலங்கும். ஆனால் அவர் ஒரே பாயில் உறங்க வைத்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. தந்தையின் சுவரைப் பேணி, தந்தையின் மக்களை இழப்பது எவ்வகை அன்பு? இடம் அன்பைத் தூண்ட வேண்டுமென்றார் அகுஸ்தினார். அன்பைக் கொல்லும் அளவுக்கு இடம் பெரிதாகிவிட்டால், மோனிக்காவைப் போல் அதனை விட்டுக்கொடுப்பதே பிள்ளைக் கடன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாமாக விட்டுவந்த வீட்டைப் பற்றியே இதுவரை பேசினோம். வன்முறையால் பறிக்கப்பட்ட வீட்டைப் பற்றியும் இதே அறிவுரையைக் கூறலாமா? கூடாது என்பதற்கு நம் கடலுக்கு அப்பாலுள்ள உடன்பிறப்புகளே சாட்சி.

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில், மேற்குக் கடலில் உள்ளது இரணைத்தீவு. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இரட்டைத் தீவு அது. போரின் காரணமாக 1992-இல் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். முழங்காவில் பகுதியில், இரணைமாதா நகர் என்று தம் தீவின் நினைவைத் தாங்கிய குடியிருப்பில் வாழ்ந்தனர். 2009-இல் போர் முடிந்தது. ஆனால் தீவில் கடற்படை இருந்தது. மக்கள் திரும்பிக் குடியேற முடியவில்லை. 2017 மே 1-ஆம் நாள் அவர்கள் அறப்போராட்டம் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தனர். பெண்களே அதில் முன்நின்றனர். விடை கிடைக்காத நிலையில், 2018 ஏப்ரல் 23-ஆம் நாள் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தாமாகவே தீவுக்குச் சென்று கரையிறங்கினர். தங்கள் ஆலயத்திற்குச் சென்று செபித்தனர். வீடுகள் இடிந்து, புதர் மண்டிக் கிடந்தன. அம்மக்கள் திரும்பிச் செல்லவில்லை. அடுத்த மாதம் அரசு அவர்கள் அங்குத் தங்குவதற்கு இசைந்தது.

அன்று கரையிறங்கிய மூத்தோரை எண்ணிப் பாருங்கள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தாம் பூட்டிவிட்டு வந்த வீட்டில் கதவும் இல்லை, கூரையும் இல்லை. அவர்களோடு படகேறி வெளியேறிய பெற்றோர் பலர் அயல்மண்ணில் அடக்கமாகிவிட்டனர். அவர்களிடம் சென்று, மண்மேல் பற்று வேண்டாம், மோனிக்காவைப் பாருங்கள் என்று எவரேனும் உபதேசித்தால் அது ஆன்மிகம் ஆகுமா? பறித்தவனுக்குத் துணைபோகும் சொல்லாகவே முடியும். மோனிக்கா தமக்கு உரியதை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். அவரிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. விட்டுக்கொடுத்தல் உரிமை உள்ளவன் செய்யும் அறம். உரிமை இழந்தவனுக்கு முதலில் திரும்பக் கொடுக்கவேண்டும். அதன்பின் அவன் விட்டுக்கொடுப்பதும் கொடாததும் அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையேயானது. இரணைத்தீவு மக்களுக்கு வீடு திரும்புதல் நீதியைச் சார்ந்தது. அங்கே இறந்தோரின் நினைவு கண்ணீராக மட்டும் நில்லாமல், ஓராண்டு வெயிலைத் தாங்கும் மன உறுதியாயிற்று.

விட்டுவந்தோர் உண்டு, பறிகொடுத்தோர் உண்டு. மூன்றாவதாக ஒரு கூட்டத்தாரும் உண்டு. அவர்களைக் காண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. எம் பாட்டனாரின் வீட்டுக்கு மண் குழைத்துச் சுவர் எழுப்பியவர்கள் அவ்வூர் உழைப்பாளி மக்கள். அவர்கள் வாழ்ந்த குடிசை நின்ற மண் அவர்களுடையதாக இருக்கவில்லை.

அச்சரப்பாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேடந்தாங்கலை வாசகர் அறிவர். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் அவ்வேரிக்கு வருகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால் ஊர் மக்கள் அவற்றைத் தலைமுறைகளாகக் காத்து வந்தனர். அப்பறவைகளைச் சுடக் கூடாது என்பதற்குச் செங்கல்பட்டு கலெக்டரிடமிருந்து 1798-ஆம் ஆண்டிலேயே எழுத்து மூலம் உறுதியும் பெற்றனர். பாராட்டத்தக்க செயல். ஆனால் அதே மாவட்டத்தில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை என்ன? அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் அரசுக்கு அளித்த அறிக்கையில், அம்மக்களின் குடிசை மனைகூட மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததையும், எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே பறிபோகும் என்ற அச்சத்தில் அவர்கள் வாழ்ந்ததையும் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக 1892-இல் பிறந்த அரசாணையே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்டதற்கு அடிப்படை. அந்நிலங்களும் பல இடங்களில் கைமாறிப் போயின. மாமல்லபுரத்துக்கு அணித்தான காரணையில் அத்தகைய நிலத்தை மீட்க மக்கள் எழுந்தனர். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். விவசாயத் தொழிலாளர் தாம் குடியிருக்கும் மனைக்கு உரிமையாளர் ஆக வழிசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. பறவையின் கூட்டுக்கு 1798-இல் எழுத்து கிடைத்தது. உழவனின் குடிசைக்கு எழுத்து கிடைக்க மேலும் 173 ஆண்டுகள் ஆயின.

இம்மக்களும் தாயைப் பெற்றவர்களே. அவர்களும் செபமாலை சொன்னவர்களே. ஆனால் அவர்கள் பேரன் இன்று திரும்பி வந்து நின்று பார்க்க எந்தச் சுவர் இருக்கிறது? மழைக்கு மழை கரைந்து, ஆண்டையின் கோபத்திற்கு அஞ்சி இடம் மாறிய குடிசைக்கு முகவரி ஏது? பழைய வீட்டை எண்ணி ஏங்குவது எல்லா மனிதருக்கும் பொதுவான உணர்வு என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ஏங்குவதற்குக்கூட ஒரு வீடு இருந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். விவிலியத்தில் ஆபிரகாம், முழு நாடும் அவர் வழிமரபுக்கு என்று வாக்குறுதி பெற்றிருந்தும், மனைவி சாராவை அடக்கம் செய்யக் கையகல நிலமின்றி நின்றார். 400 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, மக்பேலா குகையையும் அதனைச் சூழ்ந்த வயலையும் வாங்கினார். இலவசமாகத் தருகிறேன் என்று நிலக்காரர் கூறியும் அவர் இசையவில்லை. ஊரார் முன்னிலையில் விலை பேசி, உரிமையாக்கிக்கொண்டார். அன்பருக்கான இடம் பிறர் தயவில் நிற்கலாகாது என்பதை அந்த விசுவாசத் தந்தை அறிந்திருந்தார்.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு ஒரே விடை இல்லை. பழைய வீட்டின் வாசலில் நிற்பவர், தாம் விட்டுவந்தவரா, பறிகொடுத்தவரா, பெறாமலே போனவரா என்பதை முதலில் எண்ணவேண்டும். விட்டுவந்தவருக்கு அந்த வாசல் நன்றியைக் கற்பிக்கிறது. பறிகொடுத்தவருக்கு அது நீதிக்கான உரிமை. பெறாதவருக்கு அது பிறர் பட்ட கடன். இம்மூவரையும் ஒரே தராசில் நிறுத்து, எல்லாம் உலகப் பற்று என்று ஒதுக்குவதும் தவறு. எல்லாம் தூய பாசம் என்று போற்றுவதும் தவறு.

இவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்கு ஊர் செல்லும் நம் வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். பழைய வீட்டுத் தெருவுக்கும் செல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். அங்கே இப்போது குடியிருப்பவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள். உங்கள் தாயின் அடுப்பு எரிந்த இடத்தில் இன்று அடுப்பு மூட்டுகிறவர்கள் அவர்கள். வீட்டின் பொருட்டுப் பேச்சற்றுப்போன உடன்பிறப்பு இருந்தால், இம்முறை இருவரும் ஒரே கருத்தாக ஒரே திருப்பலிக்கு எழுதிக் கொடுங்கள். காணிக்கையை யார் தருவது என்பதில் மட்டும் போட்டியிடுங்கள். உங்கள் குடும்பத்தின் நிலத்திலோ மனையிலோ தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா பெறாதவர்கள் இருந்தால், அதற்கான மனுவை அவர்களோடு சேர்ந்து எழுத உதவுங்கள். இறந்த பெற்றோர் பெயரால் செய்யும் அறங்களுள் இது சிறியதன்று.

பீடத்தில் நாம் அவர்கள் பெயரைச் சொல்கிறோம். மோனிக்கா கேட்டது அது ஒன்றே. அப்பெயரைச் சொல்லும் உதடுகள், அப்பெயருக்கு உரியோர் நேசித்த மனிதரோடும் பேசுகின்றனவா என்பதை நவம்பர் மாதம் முடியும் முன் ஒவ்வொருவரும் ஆய்ந்து பார்ப்போமாக.